கொச்சிக்கடைக் கடலில் கொட்டியதும் ஜெனீவாவில் முடியாததும்

பிளாஸ்ரிக்கினால் உலகம் மாசடைவதை முடிவுக்குக் கொண்டுவர, எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை வேண்டுமென்று 2022ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி நைரோபி நகரில் தீர்மானம் நிறைவேறியது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவையில் கூடிய நாடுகள், 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் அதனை எழுதி முடிப்பதாக ஒப்புக்கொண்டன. கெடு கடந்துவிட்டது. 2025 ஓகஸ்டில் ஜெனீவாவில் பத்து நாட்கள் கூடிப் பேசியும் நாடுகள் முடிவு எதுவுமின்றிக் கலைந்து சென்றன.

இதற்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று எமது வாசகர்கள் கேட்கக்கூடும். சொந்தக் காணிக்கு எப்போது திரும்புவோம், குத்தகை நிலத்தில் இந்தப் போகம் தப்புமா என்ற கவலைகளோடு வாழும் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்திதான். ஜெனீவா என்ற பெயரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்களும் எம்மிடையே உண்டு. ஆயினும் இந்தப் பேச்சுவார்த்தை எதற்காகத் தடைப்பட்டது என்பதைச் சற்று உற்றுப் பார்த்தால், எமக்கு நன்கு பழக்கமான ஒரு கேள்வி அதனுள் இருப்பது தெரியும். ஓரிடத்தில் சிலர் இலாபம் பார்க்க, வேறோரிடத்தில் நட்டப்படுபவனுக்கு யார் பொறுப்பு என்பதே அந்தக் கேள்வி. அதனை விளங்கிக்கொள்ள ஜெனீவாவுக்குப் போகவேண்டியதில்லை. கொழும்பு கொச்சிக்கடை வரை போனாற் போதும்.

துறைமுகத்தின் அயலில்

கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தை அறியாதவர் எம் மத்தியில் அரிது. யுத்த காலத்தில் ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களில் எத்தனையோ பேர், சமய வேறுபாடு பாராமல், செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றியவர்கள். கேரளத்துக் கொச்சியிலிருந்து வந்து கடை போட்ட வணிகர்களால் அவ்விடத்துக்கு அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். திருத்தலத்துக்கு அப்பால் இருப்பது கொழும்புத் துறைமுகம். பாரந்தூக்கிகளும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கொள்கலன்களும் தெருவில் நின்றாலே கண்ணிற்படும். அக் கொள்கலன்களுக்குள் என்ன இருக்கின்றது என்பது மட்டும் அயலில் வாழும் மக்களுக்குத் தெரிவதில்லை.

2019ஆம் ஆண்டில் ஒரு சங்கதி வெளியே வந்தது. பாவித்த மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து வந்த 263 கொள்கலன்களில் பல, நாற்றமெடுக்கும் கழிவுகளால் நிறைந்திருந்தன. வைத்தியசாலைக் கழிவும் அவற்றுள் இருந்ததாக அதிகாரிகள் கூறினர். சுற்றாடல் அமைப்பொன்று நீதிமன்றம் சென்றது. 2020 செப்டெம்பரில் முதற்தொகுதி திருப்பி அனுப்பப்பட்டது. கடைசித் தொகுதி போய்ச் சேர 2022 பெப்ரவரி ஆகிவிட்டது. செல்வந்த நாட்டுக் குப்பை ஏழை நாட்டு வாசலில் வந்து இறங்கியதற்கு இது ஓர் உதாரணம். இதனைவிடப் பெரிய அழிவு 2021ஆம் ஆண்டில் அதே கடலில் நிகழ்ந்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ள்

சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் 2021 மே மாதம் 19ஆம் திகதி இரவு கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் நங்கூரமிட்டது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 ஆபத்தான பொருட்கள் கொண்டவை. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அச்சரக்கில் அடங்கும். அமிலக் கொள்கலன் ஒன்று கசிவதை மாலுமிகள் பல நாட்களுக்கு முன்னரே அறிந்திருந்தனர். கட்டார் நாட்டின் ஹமாட் துறைமுகத்திலும், இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் அதனை இறக்கித் தரும்படி கேட்டும் காரியம் நடக்கவில்லை. கசிவோடு கப்பல் எமது கடலுக்கு வந்தது.

மே 20ஆம் திகதி தீப் பிடித்தது. 25ஆம் திகதி பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. கப்பலிலிருந்த 25 பேரும் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 2ஆம் திகதி கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்பகுதி கடலடியில் தட்டி நின்றது. ஜூன் நடுப்பகுதியில் முழுக் கப்பலும் அமிழ்ந்தது.

எரிந்த கப்பலிலிருந்து கடலில் கொட்டியவற்றுள் மிகப் பரந்து போனவை பிளாஸ்ரிக் மணிகள். மைசூர்ப் பருப்பின் அளவில் வெள்ளையாக இருக்கும் இவைதான் பிளாஸ்ரிக் சாமான்கள் அனைத்துக்கும் மூலப்பொருள். வாளியும் கதிரையும் போத்தலும் சொப்பிங் பேக்கும் இவற்றை உருக்கியே செய்யப்படுகின்றன. ஏறக்குறைய 1,680 தொன் மணிகள் அக்கப்பலில் இருந்தன. கப்பலொன்றிலிருந்து கடலில் கலந்த பிளாஸ்ரிக்கில் உலகிலேயே மிகப் பெரிய அளவு இதுவென ஐக்கிய நாடுகள் நிபுணர்கள் அறிக்கையிட்டனர்.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம் அது. அலை மணிகளை வாரிக் கரையில் எறிந்தது. நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவைக் கரையில் மணல் தெரியாத அளவுக்கு அவை மூடிக் கிடந்தன. வெள்ளை மணிகளோடு, தீயில் உருகிக் கட்டியான கறுப்புத் துண்டுகளும் வந்தன. இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பாதுகாப்பு உடை அணிந்த கடற்படையினரும் கூலிக்கு அமர்த்தப்பட்ட கரையோர மக்களும் மாதக்கணக்கில் மணலை அரித்து மணிகளைப் பிரித்தெடுத்தனர். எவ்வளவு அரித்தாலும் அடுத்த அலையோடு இன்னும் வந்தன. இம்மணிகள் உக்குவதில்லை. சிறிது சிறிதாக உடைந்து நுண்துகளாகின்றன. கடலிலுள்ள வேறு நச்சுப் பொருட்களும் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. மீன் தீனியென்று நினைத்து அவற்றை விழுங்குகின்றது.

களுத்துறைக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட சுமார் 80 கிலோமீற்றர் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தடை இல்லாத இடங்களில் பிடித்த மீனையும் சனம் வாங்கப் பயந்தது. வள்ளம் இருந்தும் தொழில் இல்லை. கருவாடு போடும் பெண்கள், தலைச்சுமையாக மீன் விற்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், வலை பின்னுபவர்கள் ஆகியோரின் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நிலம் கண் முன்னே கிடந்தும் விதைக்க முடியாத நிலை எப்படிப்பட்டது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

தீர்ப்பு வந்தது, பணம் வரவில்லை

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே இலாபம் ஓரிடம், நட்டம் ஓரிடம் என்றாகியது. கப்பற் கம்பனிகள் தமது பொறுப்பை ஒரு தொகைக்குள் மட்டுப்படுத்திக்கொள்ளச் சர்வதேசக் கப்பற் சட்டம் இடமளிக்கின்றது. அதன்படி லண்டன் நீதிமன்றமொன்று கம்பனியின் பொறுப்பை ஏறக்குறைய 19 மில்லியன் பவுண்களாக வரையறுத்தது. இலங்கை அரசாங்கம் 2023இல் சிங்கப்பூரில் வழக்குத் தொடுத்தது.

இதற்கிடையில் இங்கேயே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் விசாரிக்கப்பட்டன. சுற்றாடல் நீதிக்கான நிலையம், கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, மீனவர்கள் எனப் பல தரப்பினர் மனுச் செய்திருந்தனர். 2025 ஜூலை 24ஆம் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, கப்பலின் உரிமையாளரும் இயக்குநரும் அதனோடு சம்பந்தப்பட்டோரும் 1,000 மில்லியன் அமெரிக்க டொலரை ஓராண்டுக்குள் இலங்கைக்குச் செலுத்தவேண்டும் என நீதிமன்றம் கட்டளையிட்டது. முதல் 250 மில்லியனை 2025 செப்டெம்பர் 23ஆம் திகதிக்கு முன்னர் கட்டவேண்டியிருந்தது. அரச தரப்பினர் தமது கடமையில் தவறியதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பாதிக்கப்பட்டோருக்குப் பணத்தைப் பங்கிடுவதற்கு ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைக்கவும் பணித்தது.

எமது நாட்டு நீதிமன்ற வரலாற்றில் இது பெரிய தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தச் செப்டெம்பரிலேயே கம்பனியின் தலைமை அதிகாரி தாம் பணம் கட்டப்போவதில்லை என்று செய்தி நிறுவனமொன்றுக்குக் கூறினார். கப்பலின் சிதைவை அகற்றவும் கரையைத் துப்புரவாக்கவும் மீனவருக்கு ஈடு செய்யவும் ஏற்கனவே சுமார் 170 மில்லியன் டொலர் செலவிட்டுவிட்டதாகவும், இப்படி எல்லையில்லாத பொறுப்பை ஏற்பது உலகக் கப்பற்றொழிலுக்கே கேடு என்றும் அவர் காரணம் சொன்னார். வெளிநாட்டிலிருக்கும் கம்பனியைக் கட்டளைக்குப் பணியவைப்பதற்கு ஒரு தனி நாட்டின் நீதிமன்றத்துக்கு உள்ள கைநீளம் எவ்வளவு என்பது இதிலிருந்து தெரிகின்றதல்லவா?

மணிகளுக்கு ஆபத்துப் பட்டியலில் இடமில்லை

கவனிக்கவேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அக்கப்பலில் ஆபத்தான பொருட்கள் கொண்டவை என எண்ணப்பட்ட 81 கொள்கலன்களில் பிளாஸ்ரிக் மணிக் கொள்கலன்கள் சேரவில்லை. கப்பற் போக்குவரத்து விதிகளின்படி அவை சாதாரணச் சரக்கு. அரிசி மூட்டையைப்போல அவற்றையும் எங்கும் அடுக்கலாம். 2021ஆம் ஆண்டிலேயே இலங்கை சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் இவ்விதியை மாற்றும்படி கேட்டது. 2024இல் அவ்வமைப்பு வெளியிட்டவை பரிந்துரைகள் மட்டுமே. நல்ல பொதியில் கட்டுங்கள், மணிகள் இருப்பதை எழுதித் தெரியப்படுத்துங்கள், தளத்துக்குக் கீழே வையுங்கள் என்று அவை கூறுகின்றன. செய்யாவிட்டால் தண்டனை கிடையாது.

அடுத்த விபத்துக்கு நெடுநாள் காத்திருக்கவேண்டி வரவில்லை. 2025 மே 25ஆம் திகதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கேரளக் கரைக்கு அப்பால், கொச்சிக்கு அண்மையில் மூழ்கியது. அதிலும் பிளாஸ்ரிக் மணிகள் இருந்தன. முதலில் கேரளக் கரையிலும், பின்னர் கன்னியாகுமரி, தனுஷ்கோடிப் பக்கங்களிலும் ஒதுங்கிய அம்மணிகள், ஜூன் மாதத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கும் வந்து சேர்ந்தன. முன்னொரு காலம் கொச்சி வணிகர் கடலைக் கடந்து கொழும்பில் கடை வைத்தனர். இன்று கொச்சிக் கடலில் கவிழ்ந்த சரக்கு எமது வடகரையில் வந்து கிடக்கின்றது. கடலுக்கு வேலி கிடையாது. தனித்தனி நாட்டுச் சட்டங்களால் மட்டும் இதனைத் தடுக்க முடியாது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

பேச்சு எங்கே நின்றது?

உடன்படிக்கைக்கான பேச்சுக்குழு முதன்முதலாக 2022 இறுதியில் உருகுவே நாட்டில் கூடியது. அதன்பின் 2023இல் பாரிசிலும் நைரோபியிலும், 2024இல் ஒட்டாவாவிலும் தென்கொரியாவின் பூசானிலும் கூடியது. பூசானே கடைசிக் கூட்டமாக இருந்திருக்கவேண்டும். அங்கு முடியாததால் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஜெனீவாவில் மீண்டும் கூடினர். 180க்கும் அதிகமான நாடுகளின் பிரதிநிதிகள் வந்திருந்தனர். 15ஆம் திகதி காலை, உடன்பாடு எட்டப்படவில்லை என்று அறிவித்துக் கலைந்தனர். பேச்சுக்குழுவின் தலைவராயிருந்த எக்குவடோர் நாட்டு இராஜதந்திரி லூயிஸ் வயாஸ் வல்டிவியேசோ அதே ஆண்டு ஒக்டோபரில் பதவி விலகினார். புதிய தலைவரைத் தெரிவதற்கென்று 2026 பெப்ரவரி 7ஆம் திகதி ஜெனீவாவில் ஒருநாட் கூட்டம் வைக்கப்பட்டது.

பிணக்குகள் பலவாயினும் பிரதானமானவை மூன்று.

முதலாவது, உற்பத்தி. பிளாஸ்ரிக் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் செய்யப்படுவது. 1950இல் உலகம் செய்த பிளாஸ்ரிக் ஏறக்குறைய 2 மில்லியன் தொன். இன்று ஆண்டொன்றுக்கு 400 மில்லியன் தொன்னுக்கும் மேல். கழிவாகும் பிளாஸ்ரிக்கில் மீள்சுழற்சிக்குப் போவது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆகவே செய்வதையே குறைக்கவேண்டும் என்று நோர்வே, ருவாண்டா ஆகியவற்றின் தலைமையிலான அணி கூறுகின்றது. பூசானில் பனாமா முன்வைத்த அத்தகைய யோசனையை 100க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. சவூதி அரேபியா, ரஷ்யா, ஈரான், குவைத் போன்ற எண்ணெய் நாடுகள் இதனை ஏற்கவில்லை. பிளாஸ்ரிக்கைச் செய்வதில் பிழையில்லை, கழிவை ஒழுங்காக அகற்றாததே பிழை என்பது அவர்களின் வாதம்.

இரண்டாவது, நச்சு இரசாயனம். பிளாஸ்ரிக்கோடு சம்பந்தப்பட்ட இரசாயனங்கள் 16,000க்கும் அதிகமென்றும், அவற்றுள் 4,200க்கும் மேற்பட்டவை கவலைக்குரியவை என்றும் 2024இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இவற்றை எல்லா நாடுகளுக்கும் பொதுவாகத் தடைசெய்வதா, அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விடுவதா என்பதில் இணக்கமில்லை.

மூன்றாவது, பணம். கழிவை அகற்ற வசதியில்லாத நாடுகளுக்கு யார் உதவுவது, எந்த நிதியத்தின் மூலம் உதவுவது என்ற கேள்வி.

பேச்சுக்குழுவில் இதுவரை முடிவுகள் வாக்கெடுப்பால் எடுக்கப்படவில்லை. எல்லோரும் இணங்கினாற்றான் முடிவு. ஆகவே நூறு நாடுகள் வேண்டுமென்றாலும் ஒரு சில நாடுகள் வேண்டாமென்றால் காரியம் நின்றுவிடும். இணக்கமில்லாத சொற்களை நகலில் அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். ஜெனீவாவில் அத்தகைய அடைப்புக்குறிகள் ஆயிரத்தைத் தாண்டின. எல்லைத் தகராறுள்ள காணியின் வரைபடம் போலத்தான் அந்த நகல் இருந்தது. கடைசியில் தலைவர் முன்வைத்த நகலில் உற்பத்தியைக் குறைக்கும் பிரிவே விடப்பட்டிருந்தது. பலமான உடன்படிக்கை வேண்டுமென்ற நாடுகள் அதனை நிராகரித்தன. பெயருக்கு ஓர் உடன்படிக்கை இருப்பதிலும் இல்லாதிருப்பது மேல் என்று அவை கருதின.

அந்த மண்டபத்தில் யார் யார் இருந்தனர் என்பதும் அறியத்தக்கது. எண்ணெய், இரசாயனக் கம்பனிகளின் சார்பில் ஜெனீவாவில் 234 பேர் பதிவு செய்திருந்ததாகச் சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்ட நிலையம் எண்ணிச் சொன்னது. மறுபுறத்தில், குப்பையில் பொறுக்கி வாழும் தொழிலாளர்கள் பல நாடுகளிலிருந்து தமது சங்கங்களின் மூலம் உள்ளே போயினர். தமது உழைப்பையும் தமக்குரிய நீதியையும் உடன்படிக்கையில் எழுதும்படி கேட்டனர். 2022ஆம் ஆண்டுத் தீர்மானத்திலேயே அவர்களைப்பற்றிய குறிப்பு இடம்பெற்றது. சங்கமாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த இடம் அது.

குப்பை யாருடைய ஊருக்குப் போகின்றது?

குப்பையை ஒழுங்காக அகற்றினாற் போதும் என்ற வாதத்தை எமது நாட்டு அனுபவத்தில் வைத்துப் பார்ப்போம். கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள புளூமெண்டால் குப்பைமேட்டில் கொழும்பின் கழிவு நெடுங்காலம் கொட்டப்பட்டது. நீதிமன்றத் தலையீட்டால் 2009இல் அங்கு கொட்டுவது நின்றது. நின்றதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. அங்கே ஏழைகளின் வீடுகளுக்கு மேலாக மலையாய் வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்தது. 32 பேர் உயிரிழந்தனர். பல குடும்பங்கள் வீடிழந்து வேறிடங்களுக்குப் போயின. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே.

அதன்பின் 2019இல் கொழும்பின் குப்பை புத்தளம் மாவட்டத்தின் அருவாக்காட்டுக்கு ஏற்றப்பட்டது. புத்தளம் எத்தகைய மாவட்டம்? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்த மாவட்டம் அது. எமது ஊரில் கொட்டாதீர்கள் என்று அம்மாவட்ட மக்கள் பல மாதங்கள் போராடியும் பயனில்லை.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் திறந்த வெளியில் கொட்டும் குப்பையைத் தின்ன யானைகள் வருகின்றன. 2022 ஜனவரியில் வெளிவந்த செய்திகளின்படி, எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்ரிக்கைத் தின்று மாண்டன. குப்பைக்குப் பழகிய யானை அயலிலுள்ள வயலுக்கும் வரும். கமக்காரனுக்கு அது இன்னொரு தொல்லை.

ஆகவே குப்பை அகற்றப்படுவதில்லை. இடம் மாற்றப்படுகின்றது. குரல் பலமான ஊரிலிருந்து குரல் பலவீனமான ஊருக்கு அது போய்ச் சேருகின்றது. குழாயைத் திறந்துவிட்டு நிலத்தைத் துடைப்பதில் என்ன பயன்? உற்பத்தியில் கைவைக்காத உடன்படிக்கை, குப்பையைச் சுமக்கும் வேலையை எம்போன்றோரின் தலையில் நிரந்தரமாக ஏற்றிவிடும். இதனாலேயே ஜெனீவாவின் பிணக்கு எமது பிணக்குமாகும்.

சட்டங்கள் எமது நாட்டில் இல்லாமலில்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த மெல்லிய பொலித்தீன் 2007இல் தடைசெய்யப்பட்டது. மீதொட்டமுல்லை அழிவின்பின், 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற், ரிஜிபோம் உணவுப் பெட்டி போன்றவை தடைசெய்யப்பட்டன. 2021இல் சிறிய சஷேப் பைக்கற்றுகளும், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழாய், பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, இடியப்பத்தட்டு ஆகியனவும் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் முதல் கடைகளில் சொப்பிங் பேக் இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும் என்ற விதி வந்தது. இவை நல்லவையே. ஆனால் இவையெல்லாம் வாங்குபவனையும் விற்கும் சிறு கடைக்காரனையும் பார்த்துப் போட்ட சட்டங்கள். மணிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பும் கம்பனியைத் தொடுவதற்கு உலகச் சட்டம் ஒன்றே வழி.

அது நடக்கக்கூடியதா? முன்னர் ஒருமுறை நடந்திருக்கின்றது. குளிர்சாதனப் பெட்டிகளில் பாவித்த வாயுக்கள் வானத்து ஓசோன் படையை அரித்தபோது, 1987இல் மொன்றியலில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. ஆரம்பத்தில் கையெழுத்திட்ட நாடுகள் கொஞ்சம். அவ்வாயுக்களின் உற்பத்தியையே படிப்படியாக நிறுத்தவேண்டும் என்று அது விதித்தது. வறிய நாடுகளுக்கு உதவ நிதியமும் அமைத்தது. பின்னர் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்தன. இப்போது ஓசோன் படை மெல்ல மெல்ல ஆறி வருகின்றது.

கமத்திலும் பிளாஸ்ரிக்

கடலைப்பற்றியே இதுவரை பேசினோம். வயலிலும் பிளாஸ்ரிக் குறைவில்லை. பயிர்ச் செய்கையிலும் கால்நடை வளர்ப்பிலும் உலகம் ஆண்டொன்றுக்கு 12.5 மில்லியன் தொன் பிளாஸ்ரிக் பாவிப்பதாக ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2021இல் அறிவித்தது. நாற்றுப் பை, உரப் பை, சொட்டுநீர்க் குழாய், மண்ணை மூடும் பொலித்தீன் விரிப்பு, கிருமிநாசினிப் போத்தல் எல்லாம் இதில் அடங்கும். மண்ணுக்குள் போன துண்டுகள் நீர் சுவறுவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கின்றன. சொந்தக் காணியில்லாமல் குத்தகைக்குச் செய்பவர்கள் இதனை அதிகம் கவனிப்பதில்லை. இருந்தும், எவருடைய காணியானாலும் மண் ஒன்றுதான். நாளை எமது காணியில் வேறொருவர் விட்டுவைத்திருப்பதும் இதுவாகவே இருக்கும்.

ஜெனீவாவில் முடிவு வரும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. எமது கைக்கெட்டிய சில காரியங்கள் உண்டு.

பொலித்தீனை அடுப்பு மூட்டப் பாவிக்கவேண்டாம். முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் ஈர விறகோடு மல்லுக்கட்டும் தாய்மாருக்கு இது இலகுவான வழிதான். ஆனால் அந்தக் கரும்புகை குழந்தையின் நெஞ்சுக்குள் போகின்றது. பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் வயர் உறைகளும் எரியும்போது டயொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். தென்னஞ்சிரட்டையும் காய்ந்த பன்னாடையும் பொலித்தீனிலும் மேல்.

கிருமிநாசினிப் போத்தல் வெறுமையானதும் அதில் காற்பங்கு நீர் விட்டுக் குலுக்கி, அந்நீரைத் தெளிகருவித் தாங்கியிலேயே ஊற்றுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தபின் போத்தலில் துளையிட்டுவிடுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக்கூடாது. அப்போத்தலில் குடிநீரோ மண்ணெண்ணெயோ எடுத்து வைப்பது உயிருக்கு ஆபத்து.

போத்தல்களையும் கிழிந்த பைகளையும் வீட்டுக்கு வீடு எறியாமல், கமக்காரர் அமைப்பின் மூலம் ஓரிடத்தில் சேர்த்து, பிரதேச சபையிடம் எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். தனியொருவர் கேட்டால் பதில் வராது. அமைப்பின் கடிதத்துக்குப் பதில் எழுதியாகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. பாதிப்பு எதுவாயினும் எழுதி வையுங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் விடயத்தில் நட்டஈட்டின் கணக்குப் பட்டியலிலிருந்து தொடங்கியது. பதிவுள்ள வள்ளக்காரனுக்குத் தனது நட்டத்தை நிரூபிக்க வழியிருந்தது. கூலிக்குக் கருவாடு காயவைத்த பெண்ணிடம் என்ன பத்திரம் இருக்கும்? பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எதுவும் இல்லை என்பதை நிவாரண அட்டைக் காலத்திலிருந்தே நாம் அறிவோம். உங்கள் பயிர் கெட்டாலும், கிணறு கெட்டாலும், குப்பை மேட்டின் நீர் வயலுக்குள் வந்தாலும், திகதியையும் அளவையும் அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதுங்கள். படம் எடுங்கள். கிராம அலுவலரிடம் முறையிட்டு, முறையிட்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். பெண்களின் வேலையையும் அவர்களின் பெயரிலேயே எழுதுங்கள். உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. இறந்த ஆமைகளை எண்ணியவர்கள், மணலில் மணிகளை அளந்தவர்கள், தொழில் இல்லாத நாட்களைக் குறித்து வைத்தவர்கள் ஆகியோரின் கணக்கு அதற்குப் பின்னால் இருக்கின்றது.

அப்பணம் கைக்கு வருமா, உலக உடன்படிக்கை எழுதப்படுமா என்பன இன்னும் தீராத கேள்விகள். பேச்சுவார்த்தை மேசைக்கு எமது அரசாங்கம் ஒவ்வொரு தடவையும் எமது பெயரிலேயே ஆளனுப்புகின்றது. உற்பத்தியைக் குறைக்கும் பக்கம் நில்லுங்கள், மணிகளை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கும்படி கேளுங்கள், பாதிக்கப்பட்டவர்களை மறவாதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல எமக்கு உரிமை உண்டு. கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து இதனைச் சுற்றாடல் அமைச்சுக்கு எழுதலாம். கடற்கரையில் நிற்பவரும் வரம்பில் நிற்பவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால், அது வாசிக்கப்படாமற் போவது கடினம். உங்கள் அமைப்பின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதனையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.